ஒரு நாளைக்கு முப்பத்துமூன்று மணி நேரம்

ஒரு பெண்பிள்ளையின் ஒரு முழு நாள், விடிகாலை நாலு மணி முதல் மறுநாள் விடிகாலை நாலு மணி வரை, தூக்கம் உட்பட, நாற்பது ரூபாய். விழுப்புரத்தில் அந்த வருடம் அதுதான் விலை. அந்த நாற்பதும் நாளுக்குச் சொந்தக்காரிக்குப் போகாது. அதை எழுதிக்கொண்டு வரும் மாணவருக்கு, பேருந்துச் செலவுக்குப் போகும். சொந்தக்காரிக்கு ஒரு வணக்கம், ஒரு நன்றி. அதைக்கூடச் சொல்ல மறந்து பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள் உண்டு.

விலை வைத்தவர் இருதயராஜ் சார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துபவர். வீட்டிலும் கழனியிலும் பெண்களின் நேரம் எப்படிச் செலவாகிறது என்று கண்டுபிடிக்க எங்கிருந்தோ ஆராய்ச்சி நிதி வாங்கியிருந்தார். மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஆறு பேரைப் பொறுக்கியெடுத்து வரிசையாக உட்கார வைத்தார்.

"ஆராய்ச்சின்னா லைப்ரரி ஃபேனுக்குக் கீழ உக்காந்து நாலு புத்தகத்த ஒண்ணா ஒட்டறது இல்ல. வெயில்ல போவணும். ஜனங்களோட பேசணும். நீங்களே கேட்டு, நீங்களே எழுதி, தப்பு பண்ணி, திட்டு வாங்கணும். அப்போதான் அது கையில ஒட்டும்," என்றார்.

இதில் திட்டு வாங்கும் பகுதி தனக்கு வராது என்று கலைப்பிரியா நினைத்தாள். நினைக்க நியாயமும் இருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் முருகையனின் ஒரே மகள். ஐந்து வயதில் பம்பரத்துக்குப் பேரம் பேசி, சாட்டையைச் சும்மா வாங்கி வந்தவள். மண்டியில் ஒரு பாடம் உண்டு: முதலில் சொல்லும் எண் பேச்சுக்கு, இரண்டாவது எண் கோபத்துக்கு, மூன்றாவது எண்தான் வியாபாரத்துக்கு. முதல் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறவனை அந்தத் தெருவில் நல்லவன் என்று சொல்வதில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

அவளுக்கு இந்த ஆராய்ச்சியில் ஆக வேண்டியது ஒரே ஒரு காரியம். மேல்படிப்புக்குப் புதுச்சேரி போக வேண்டும் என்று அவள் கேட்டபோது முருகையன் பட்டென்று மறுக்கவில்லை. வியாபாரி மறுக்க மாட்டார், நிபந்தனை போடுவார்.

"உங்க வாத்தியாரு உன் வேலைய பாத்துட்டு, இந்தப் பொண்ணு படிக்கத்தான் லாயக்குன்னு கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுக்கட்டும். புதுச்சேரிக்கு நானே கொண்டுபோய் உட்டுட்டு வர்றேன். குடுக்கலியா, ஜூன் ஒண்ணாம் தேதி கல்லாவுல உக்காரு. பேச்சு மாறக் கூடாது."

"மாறாதுப்பா."

படிவம் இரண்டு பக்கம். வேலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன: சமையல், தண்ணீர், மாடு, கழனி, துவைப்பு, தூக்கம் என்று. எதிரே எத்தனை மணி நேரம் என்று எழுத ஒரு கட்டம். அடியில் 'மொத்தம்' என்று ஒரு கட்டம், அதில் முன்கூட்டியே 24 என்று அச்சடித்திருந்தார்கள். ஆளுக்கு அறுபது படிவம்.

முதல் படிவத்துக்கு அவள் போனது ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு. கோவிந்தம்மாள் என்கிற ஐம்பது வயதுக்காரி, சொந்தமாக ஒண்ணரைக் காணி நிலம், இரண்டு மாடு, படுக்கையில் கிடக்கும் மாமனார். களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டே பதில் சொன்னாள். சமையல் நாலு மணி நேரம், மாடு மூணு, தண்ணி ரெண்டு, கழனி எட்டு, மாமனாரைப் பார்க்க ஆறு, துவைக்கப் பெருக்க ரெண்டு, டிவி சீரியல் ரெண்டு, தூக்கம் ஆறு.

கலைப்பிரியா கூட்டினாள். முப்பத்துமூன்று.

"அக்கா, ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி நேரம்தான்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

இது முதல் எண் என்று கலைப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்தாள். மண்டிக்காரரின் மகளுக்கு உடம்பில் ஒரு சூடு ஏறியது.

"சமையலு நாலா? இன்னா கல்யாண வூடா இது? ரெண்டு போடறேன்."

"ரெண்டா? வெறகு பொகையில உக்காந்து பாத்தியா நீ? நாலு."

"உனுக்கும் வேணாம் எனுக்கும் வேணாம், மூணு."

"சரி, மூணு போட்டுக்கோ. பேஜாரு புடிச்ச பொண்ணு."

அப்புறம் மடமடவென்று நடந்தது. மாடு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. கழனி எட்டிலிருந்து ஆறு. சீரியலில் விளம்பர நேரத்தைக் கழித்து ஒன்று. தண்ணீரிலும் துவைப்பிலும் தூக்கத்திலும் கோவிந்தம்மாள் பிடிவாதமாக நின்றதால் அவற்றைத் தொடவில்லை. கடைசியில் மாமனார் பாக்கி.

"ஆறு மணி நேரம் அவர இன்னாக்கா பண்ற?"

"ராத்திரி நாலு தபா கூப்புடுவாரு. எழுந்து போவணும். திருப்பிப் படுக்க வெக்கணும்."

"ராத்திரி நேரத்தத்தான் தூக்கத்துல எழுதிட்டோமே. ரெண்டு எடத்துல எப்புடி எழுதறது? ரெண்டு மணி போடறேன், சரியா வந்துடுது."

கோவிந்தம்மாள் ஒரு நிமிடம் மல்லாட்டையைத் துழாவுவதை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். "கெட்டிக்காரிதான்டி நீ. எங்க வூட்டு கெழவர நாலு மணி நேரம் கொறைச்சிட்ட. எழுதிக்கோ."

இருபத்துநாலு. ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. இருவரும் நல்ல வியாபாரம் முடித்தவர்களின் திருப்தியோடு பிரிந்தார்கள். கோவிந்தம்மாள் ஒரு கை பச்சை மல்லாட்டையும் கொடுத்தனுப்பினாள்.

அறுபது படிவமும் இப்படியே முடிந்தன. பேச்சு ஊரில் பரவியதால் கடைசி வாரத்தில் பெண்கள் தாங்களாகவே வந்து, "எனுக்கு எவ்ளோ கொறைப்ப?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் பொழுது போனது.

*

விழுப்புரத்தில் துறை அறையில் கணினித் திரையில் படிவங்கள் ஏறின. மொத்தம் இருபத்துநாலு வராத வரி சிவப்பாகிவிடும்படி சார் செய்து வைத்திருந்தார். கலைப்பிரியாவின் அறுபது வரியும் வெள்ளை வெளேரென்று நின்றன. இனியவனின் வரிகள் ரத்தக்களரி.

இனியவன் மண்டகப்பட்டுக்கு அடுத்த ஊர்க்காரன். அப்பா, அம்மா இருவரும் கூலிக்குப் போகிறவர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வந்திருந்தான். முப்பத்தொன்று, இருபத்தொன்பது, ஒரு படிவத்தில் முப்பத்தைந்து.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல மட்டும் பூமி மெதுவா சுத்துதா?" என்று கேட்டார் சார். "கூட்டல் தெரியாமயா பொருளாதாரத்துக்கு வந்த? கலைப்பிரியாவ பாரு. அறுபதுக்கு அறுபது. இதுதான் ஃபீல்டு ஒர்க்கு."

இனியவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் கேட்டான். "எப்புடி கலை?"

"பேசணும் இனியா. வாய் இருக்குதுல்ல."

"நானும் பேசிக்கினுதான் இருந்தேன்."

"நீ கேட்டுக்கினு இருந்திருப்ப."

ஆனால் ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு, அதை அவர்களும் கைப்படச் செய்து பார்க்க வேண்டும் என்றார் சார். எழுதியவர் போன வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு வேறொருவர் போய் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும். அறுபதுக்கு ஆறு. அந்த ஆறில் இரண்டு வரைக்கும் ஒத்துப்போகாவிட்டால் மன்னிப்பு. அதற்கு மேல் போனால் கட்டு முழுவதும் குப்பைக்கு, எழுதியவர் ஆராய்ச்சியிலிருந்து வெளியே. இனியவனின் படிவங்களைக் கலைப்பிரியாவும், அவளுடையவற்றை இனியவனும் சரிபார்க்க வேண்டும் என்று முடிவானது.

"உன் லெட்டர நான் டைப் பண்ணி வெச்சிட்டேன்மா. சரிபார்ப்பு முடியட்டும், கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் சார்.

*

வியாழக்கிழமை. விழுப்புரத்தில் செஞ்சி சாலைப் பேருந்து ஏறி, மண்டகப்பட்டில் இறங்கி, கலைப்பிரியா ஐந்து வீடுகளை முடித்தாள். ஐந்திலும் அவளுக்குத் தலை சுற்றியது. இனியவன் எழுதியிருந்த அதே எண்களை, ஒரு மணி நேரம் இப்படி அப்படி இருந்தாலும், அந்தப் பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒத்துவராத கணக்கு, இரண்டாம் தடவையும் அதே மாதிரி ஒத்துவராமல் இருந்தது. பொய் என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி அல்லவா வர வேண்டும்?

ஆறாவது வீடு சவுரியம்மாளுடையது. முப்பத்தைந்து மணி நேரக்காரி இவள்தான். முப்பது வயதிருக்கும், நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சமையல் மூணு, ஆடு அஞ்சு, புள்ள ஒம்போது, தண்ணி ரெண்டு, கூலி ஏழு, துணி ரெண்டு, வெறகு ஒண்ணு, தூக்கம் ஆறு. இனியவன் எழுதியது அட்சரம் பிசகாமல் வந்தது.

"புள்ளைக்கு ஒம்போதா? அஞ்சு போடலாமாக்கா?"

சவுரியம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"சரி, ஆறு."

"எனுக்குத் தெரிஞ்சது ஒம்போதும்மா. நீ படிச்ச பொண்ணு, உனுக்கு இன்னா வேணுமோ எழுதிக்கோ. கூலியும் நெலத்துக்காரங்களேதான் எழுதிக்கிறாங்க."

பேரம் அங்கேயே செத்துவிட்டது. எதிரே நின்று இழுக்க ஆள் இல்லாவிட்டால் கயிறு என்ன செய்யும்? கலைப்பிரியா அதுவரை இப்படி ஒரு வியாபாரத்தைப் பார்த்ததில்லை. எழுந்து போகவும் மனமில்லை. "நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "உக்காரு," என்றாள் சவுரியம்மாள், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பது போல.

மணி ஐந்தரை. கலைப்பிரியா கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். சவுரியம்மாள் அடுப்பில் உலை வைத்தாள். குழந்தை இடுப்பை விட்டு இறங்கவில்லை. கேப்பை மாவைக் கரைத்துக்கொண்டே காலால் தழையை ஆட்டின் பக்கம் தள்ளினாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ கத்த, குழந்தையோடு ஓடிப்போய்க் குடத்தை வைத்துவிட்டு, திரும்பி வந்து களியைக் கிளறி, மறுபடி குடத்துக்கு ஓடினாள். ஆடு கத்தியது, அதட்டினாள். குழந்தை அழுதது, பால் கொடுத்தாள், பால் கொடுத்தபடியே கிளறினாள்.

மணி ஆறரை. கலைப்பிரியா தாளில் எழுதிப் பார்த்தாள். சமையல் ஒரு மணி. குழந்தை ஒரு மணி. ஆடு ஒரு மணி. தண்ணீர் அரை மணி. கடிகாரத்தில் போனது ஒரு மணி நேரம். கணக்கில் வந்தது மூன்றரை.

மறுபடி கூட்டினாள். மூன்றரைதான். எங்கே ஏமாற்று நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணெதிரே உட்கார்ந்து பார்த்திருந்தாள். எடையில் கை வைக்கவில்லை, கல்லை மாற்றவில்லை. ஒரு மூட்டை உள்ளே போனது, மூன்றரை மூட்டை வெளியே வந்துவிட்டது.

பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது இனியவன் கைப்பேசியில் கூப்பிட்டான். ஒலக்கூரிலிருந்து.

"இன்னா கலை பண்ணி வெச்சிருக்க இங்க?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுகூட ஒத்து வர்ல. அந்த கோவிந்தம்மா அக்கா கிட்ட போனனா, அவங்க நாப்பதுன்றாங்க."

"முப்பத்திமூணுதானே சொன்னாங்க?"

"உன் படிவத்துல இருபத்திநாலு இருக்குது! முப்பத்திமூணு எங்கேர்ந்து வந்துச்சி? நான் நாப்பத அப்படியே எழுதப் போறேன், அவங்க என் பேனாவ புடிச்சிக்கினாங்க. 'இன்னாப்பா, கொறைக்க மாட்டியா? போன தபா ஒன்பது கொறையும்னு தெரியாம ஏமாந்துட்டேன், அதான் இப்போ ஏத்தி வெச்சேன்'ன்றாங்க. பக்கத்து வூட்டு அக்கா வந்து, 'அந்தப் பொண்ணே வரட்டும், இவனுக்கு வியாபாரம் தெரியல'ன்னு தொரத்தி உட்டுட்டாங்க."

கலைப்பிரியா விரல் விட்டு எண்ணினாள். ஆறில் ஆறு. கட்டு குப்பைக்கு. லெட்டர் குப்பைக்கு. ஜூன் ஒன்றாம் தேதி கல்லா.

இனியவன் குரலைத் தாழ்த்தினான். "ஆறும் ஒத்துதுன்னு எழுதிடறேன். யாருக்கும் தெரியாது."

"உனக்கு இன்னா வேணும்?" பழக்கதோஷம், உடனே கேட்டுவிட்டாள்.

"அந்தக் கொறைக்கிற வித்தைய எனுக்கும் சொல்லிக்குடு. என்னோடதும் வெள்ளையாயிட்டா போதும். சார் திட்ட மாட்டாரு."

நியாயமான பேரம். இரண்டு பக்கமும் லாபம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. எந்த மண்டியிலும் இதற்குக் கை குலுக்கிவிடுவார்கள். கலைப்பிரியா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். அறுபதும் அறுபதும் நூற்று இருபது நாள். அந்த நூற்று இருபதிலும் இனி குழந்தைக்கு ஒன்பது இராது, ஐந்துதான் இருக்கும். அப்படியானால் அந்த மூன்றரை எங்கே போகும்? ஒரு மணி முன்னால் தன் கண்ணால் பார்த்ததை எந்த வரியில் எழுதுவது?

"நீ பாத்தத பாத்தபடி எழுது இனியா," என்றாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று பேருந்து விழுப்புரம் வரும்வரை யோசித்தாள். ரயிலில் திண்டிவனம் வரும்வரை யோசித்தாள். தெரியவில்லை.

வீட்டில் முருகையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, ஒரு மூட்டை போட்டா மூணரை மூட்டை எடை காட்டற தராசு உண்டா?" என்று கேட்டாள்.

அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "எங்க இருக்குது? ஜல்தி சொல்லு. இன்னா வெலைன்னாலும் வாங்கிப்புடலாம்."

*

வெள்ளிக்கிழமை துறை அறையில் இருதயராஜ் சார் இரண்டு சரிபார்ப்புக் கட்டுகளையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். எண்கள் மாறவில்லை.

"தப்பான கட்டு ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வருது. சரியான கட்டு ரெண்டாவது தடவ ஓடிப்போயிடுச்சி. இது என்னம்மா?"

கலைப்பிரியா சொன்னாள். பேரத்தைச் சொன்னாள், கோவிந்தம்மாளின் மாமனாரை நாலு மணி நேரம் குறைத்ததைச் சொன்னாள், சவுரியம்மாளின் ஒரு மணி நேரத்தைத் தாளோடு காட்டினாள்.

"ஜனங்க சொன்ன பதிலுக்கா பேரம் பேசின?"

"அடியில இருபத்திநாலுன்னு அச்சடிச்சிருந்துச்சி சார். அது நீங்க சொன்ன கடைசி வெலைன்னு நெனைச்சிட்டேன்."

சார் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அதை அச்சடிக்கச் சொன்னது அவர்தான். முகத்தில் ஒரு கலவரம் வந்து போனது. "நேரம்னா இருபத்திநாலுதானம்மா? எனக்கும் அப்படித்தானே சொல்லிக்குடுத்தாங்க," என்றார், மாணவனைப் போல.

"ஒரே நேரத்துல ரெண்டு மூணு வேலை ஓடுது சார். கூடவே இன்னா செஞ்சாங்கன்னு எழுத ஒரு கட்டம் போட்டா..."

"போட்டா நிதி குடுத்தவங்க ஒத்துக்கணும். அவங்க மொத்தம் கேப்பாங்க. முப்பத்தஞ்சுன்னா என்னைக் கேப்பாங்க." மேசை இழுப்பறையைத் திறந்து, டைப் செய்த கடிதத்தை எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்தார். "விதிப்படி உன் கட்ட ரத்து பண்ணணும். உன்னை அனுப்பிடணும். ஆனா இந்த விஷயத்த எனக்குச் சொன்னதே நீதான். இப்போ உன்னை என்ன பண்றது?"

"அறுபதையும் திருப்பி எடுக்கறேன் சார். கொறைக்காம."

"திங்கக்கிழமை அனுப்பியாவணும்."

"அடுத்த சனிக்கிழமை."

"செவ்வாய்."

"நடுவுல வெச்சிக்கலாம் சார், வியாழன்."

"புதன். சாயந்தரம் அஞ்சு மணி. அதுக்கு மேல நான் பேசமாட்டேன்," என்ற சார், தானும் பேரத்தில் விழுந்துவிட்டதை உணர்ந்து வாயை மூடிக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த இனியவன் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

*

குறைக்காமல் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று கலைப்பிரியாவுக்கு அதுவரை தெரியாது. கோவிந்தம்மாள் "நாப்பது" என்றாள். கலைப்பிரியா எழுதிக்கொண்டாள்.

"இன்னாடி, எழுதிட்ட?"

"நீ சொன்னதத்தானேக்கா எழுதணும்."

"எம்மேல கோவமா? அந்தப் பையன தொரத்தி உட்டதுக்கா?"

"இல்லக்கா."

கோவிந்தம்மாள் சங்கடமாக நெளிந்தாள். எதிரே ஆள் இல்லாததால் தன்னோடு தானே பேரம் பேச ஆரம்பித்தாள். "நாப்பது அதிகம்தான். முப்பத்திமூணு வெச்சிக்கோ. மாமனாரு நேத்து தூங்கிட்டாரு, அவருல ஒண்ணு எடுத்துடு. இல்ல, இரு, முந்தாநாளு தூங்கவே இல்லியே, திருப்பிப் போடு. ஏண்டி இப்புடி பாத்துக்கினு இருக்க, எதுனா சொல்லேன்!"

கலைப்பிரியா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையால் கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் சேர்த்து, "கூடவே இன்னா செஞ்சன்னு மட்டும் சொல்லுக்கா" என்றாள். ஒரு படிவத்துக்குப் பத்து நிமிடம் ஆனது போய் ஒரு மணி நேரம் ஆனது. சில வீடுகளில், "நீ இப்ப பழைய மாதிரி இல்ல" என்று கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தி, "இவ்ளோவா செய்யறேன்?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போனாள். கிடைத்த எண் உண்மையா, பேரம் பேசாத கோபத்தில் வந்ததா, யாருக்குத் தெரியும்? சவுரியம்மாளிடம் உட்கார்ந்து பார்த்தது போல எல்லாரிடமும் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஒரு நாளைக்கு முப்பத்துமூன்று மணி நேரம் இல்லை.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கட்டை மேசையில் வைத்தாள். கணினியில் ஏற்றினால் முழுவதும் சிவப்பாகிவிடும். சார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாராட்டுவதா, விரட்டுவதா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை. கையால் போட்ட கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நிதி குடுத்தவங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வர்ல. வந்தாலும் என்ன வரும்னு எனக்குத் தெரியல." இழுப்பறையின் மேல் கை வைத்தார், திறக்கவில்லை. "மிச்சத்தையும் முடிச்சிட்டு வா. நீயே மேலட்டையில கணக்கு எழுதி வை. நான் பாத்துக்கறேன்."

பேனாவை எடுத்து, மண்டியில் எழுதுவது போலவே, அவள் எழுதினாள்:

எடுக்க வேண்டிய படிவம் 60. திரும்ப எடுத்தது 41. பாக்கி 19.

41 நாளுக்குக் கடிகாரம் கொடுத்தது 984 மணி. பெண்கள் சொன்னது 1,271 மணி. கூடுதல் 287. யார் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

கடிதம் 1. கொடுத்தது இல்லை. பாக்கி 1.